கொடி பிறகு, வாய் முதலில்: தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு பிரைடு வழிகாட்டி

போன மே மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, டர்பனின் சாட்ஸ்வர்த்தில் எங்கள் தமிழ் வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். சென்னையிலிருந்து வந்து எட்டு மாதமே ஆன தம்பி ஒருவர், வகுப்புக்கு ஒத்தாசையாக வருபவர், பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, எங்க டீம் லீடர் பிரைடுக்கு வாங்கன்னு கூப்பிட்டிருக்காங்க. அவங்களும் அவங்க வொய்ஃபும் வருஷா வருஷம் போவாங்களாம். நானும் வர்றேன்னு சொல்லிட்டேன். போனா என்ன பண்ணணும், என்ன பேசக்கூடாது?"

பிரைடு என்றால் தன்பாலீர்ப்பு உள்ளவர்களும் திருநங்கை, திருநம்பிகளும் தலைநிமிர்ந்து தெருவில் நடக்கும் ஊர்வலம். போகலாமா வேண்டாமா என்று அவர் கேட்கவில்லை. போனால் எப்படி நடந்துகொள்வது என்றுதான் கேட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் திருநெல்வேலியிலிருந்து டர்பனில் வந்து இறங்கியபோது இப்படிக் கேட்க எனக்குத் தோன்றியதில்லை. எல்லாம் தெரிந்த மாதிரி நடந்துகொண்டு ஒரு பையனின் வாழ்க்கையில் வீண் குழப்பம் உண்டாக்கினேன். அதைப் பிறகு சொல்கிறேன். அன்று நாற்காலி அடுக்கியபடி தம்பிக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில், நிற்கிற மண் எது என்று பாருங்கள்

ஊரில் கேட்டுப் பழகியதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் தடுக்கி விழுவீர்கள். ஒருவர் யாரை விரும்புகிறார் என்பதை வைத்து அவரைப் பாகுபடுத்தக் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்த உலகின் முதல் நாடு தென்னாப்பிரிக்கா. 1994இல் நடைமுறைக்கு வந்த இடைக்காலச் சட்டத்திலேயே அது இருந்தது. 1996இல் வந்த நிரந்தர அரசியல் சட்டத்தின் 9ஆம் பிரிவிலும் இடம்பெற்றது. ஆணும் ஆணும் சேர்வதைக் குற்றமாக்கிய பழைய சட்டத்தை 1998இல் அரசியல் சட்ட நீதிமன்றம் தூக்கி எறிந்தது. 2006 நவம்பர் 30 முதல் இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ சட்டப்படி திருமணம் செய்துகொள்ளலாம். உலகில் ஐந்தாவது நாடு, ஆப்பிரிக்காவில் முதல் நாடு. இந்தியாவில் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு பல்லிழந்ததே 2018 செப்டம்பரில்தான். திருமண உரிமையை அங்கே உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தர மறுத்துவிட்டது.

ஆகவே தம்பியின் டீம் லீடர் "என் மனைவி" என்று சொன்னால் அது பதிவேட்டில் கையெழுத்தான உறவு. நீங்கள் குரலைத் தாழ்த்தி "அவங்க... அந்த... ஃப்ரெண்ட்" என்று இழுத்தால், அவர் வீட்டுக் கல்யாணத்தை நீங்கள் ரத்து செய்கிறீர்கள்.

இதைப் படிப்பவரே கே ஆகவோ லெஸ்பியனாகவோ இருக்கலாம், வேலை விசாவில் வந்திருக்கலாம். உங்களுக்கு ஒரு தகவல்: வெளிநாட்டுத் துணைவர் விஷயத்தில் ஆண்-பெண் ஜோடிக்குத் தரும் குடியேற்ற உரிமையைத் தன்பாலின ஜோடிக்கும் தர வேண்டும் என்று அரசியல் சட்ட நீதிமன்றம் 1999லேயே தீர்ப்பளித்துவிட்டது. ஏஜென்ட் யாராவது "அதெல்லாம் கிடையாது" என்றால் வேறு ஏஜென்ட்டைப் பாருங்கள்.

சட்டம் இவ்வளவு இருந்தும் தெருவில் பயம் இருக்கிறது. தேசியக் கால்பந்து அணிக்கு ஆடிய யூடி சிமெலானே, தான் லெஸ்பியன் என்று வெளிப்படையாக வாழ்ந்தவர், 2008இல் க்வாதேமாவில் கொலை செய்யப்பட்டார். தான் கே என்று வெளிப்படையாகச் சொன்ன இமாம் முஹ்சின் ஹென்றிக்ஸ் 2025 பிப்ரவரியில் க்கெபெர்ஹாவில் (பழைய போர்ட் எலிசபெத்) சுட்டுக் கொல்லப்பட்டார். அலுவலகத்தில் சிரித்துப் பேசுகிறவர் ஏன் பெட்ரோல் பங்கில் துணைவியின் கையை விட்டுவிடுகிறார் என்று இனி உங்களுக்குப் புரியும்.

வாய்

இதைத்தான் அதிகம் எழுத வேண்டும், ஏனென்றால் நான் தோற்றது இங்கேதான்.

நான் வந்த இரண்டாம் வருடம், ஆடி மாதம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிறு. இங்குள்ளவர்கள் பாரிட்ஜ் பிரேயர் என்பார்கள். பின்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம், நானும் எங்கள் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனும். இங்கே நர்ஸாக வேலை. நல்ல கைக்காரன், நான் ஒன்று உரிப்பதற்குள் மூன்று உரிப்பான். தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "அக்கா, வீட்ல பொண்ணு பாக்குறாங்க. வேண்டாம்னு சொல்லத் தெரியல. நான் கே-க்கா."

கத்தி ஓடிக்கொண்டே இருந்தது. அவன் கண்ணில் தண்ணீர். வெங்காயமா, வேறா, எனக்குத் தெரியாது. "சரிப்பா, சாப்பிட்டியா?" என்றேன். இன்று யோசித்தாலும் அது மோசமான பதிலில்லை.

மோசம் இரண்டு நாள் கழித்து வந்தது. என் தோழியிடம் போனில் சொன்னேன்: "பாவம்டி, தங்கமான பையன், நாமதான் பார்த்துக்கணும்." நல்ல எண்ணம்தான். தோழி கணவரிடம் சொன்னாள். கணவர் யாரிடமோ சொன்னார். ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப் குழு வரைக்கும் போனது. நான்காம் நாள் அம்பாசமுத்திரத்தில் அவன் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. டர்பனுக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். செய்திக்கு அதுகூட இல்லை. அவன் ஏழு மாதம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

அதனால் துணை நிற்க நினைப்பவருக்கு நான் சொல்லும் முதல் வேலை இது: ஒருவர் உங்களிடம் சொன்னதை நீங்கள் யாரிடமும் சொல்லாதீர்கள். கணவரிடம் கூடாது, மனைவியிடம் கூடாது, "இவரும் அப்படித்தான், உங்களுக்குள்ள பேசிக்கங்க" என்று இன்னொரு கே நண்பரிடமும் கூடாது. சொல்ல வேண்டியது அவர் உரிமை. புரியவில்லை என்றால் அவரிடமே கேளுங்கள்: "இது வேற யாருக்கெல்லாம் தெரியும்? யார் முன்னாடி நான் கவனமா இருக்கணும்?" அன்று நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். கேட்டிருந்தால், "அலுவலகத்துல தெரியும், கோயில்ல தெரியாது, ஊர்ல தெரியவே கூடாது" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லியிருப்பான்.

ஒருவர் உங்களிடம் மனம் திறக்கும்போது நீண்ட பேச்சு வேண்டாம். "என்கிட்ட சொன்னதுக்கு நன்றி" போதும். வாயில் வரத் துடிக்கும் சில வாக்கியங்களை மட்டும் விழுங்கிவிடுங்கள். "நிச்சயமா தெரியுமா?" "சின்ன வயசுல ஏதாவது நடந்துச்சா?" "கல்யாணம் பண்ணினா சரியாயிடும்." இந்தக் கடைசி வாக்கியத்தை நம்பி எத்தனை பெண்கள் கழுத்தில் தாலி ஏறி, இரண்டு உயிர்கள் வீணாகியிருக்கின்றன என்று உங்கள் ஊரிலேயே விசாரித்தால் தெரியும். டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்று கிளம்பாதீர்கள். இது நோயே இல்லை. ஒருவரை 'மாற்றும்' சிகிச்சைகளுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2021இல் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டிருக்கிறது.

இனி சொற்கள். நம் வீடுகளில் இதற்குப் பெயரே கிடையாது, 'அந்த மாதிரி' என்பார்கள். அந்த இரண்டு வார்த்தையை விட்டுத்தொலையுங்கள். தன்பாலீர்ப்பு என்ற நல்ல சொல் இருக்கிறது. அது வாயில் வராவிட்டால் கே, லெஸ்பியன் என்றே சொல்லலாம், டர்பனில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். திருநங்கை, திருநம்பி என்ற சொற்கள் தமிழில் அழகாக ஊன்றிவிட்டன. இங்கே வந்த சில மாதத்தில் 'மோஃபி' என்ற ஆப்பிரிக்கான்ஸ் வார்த்தை உங்கள் காதில் விழும், சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கே ஆண்களே தங்களுக்குள் சொல்லிக்கொள்வதும் உண்டு. நீங்கள் சொல்லாதீர்கள். நம்மூர் 'ஒன்பது' எப்படி வலிக்குமோ அப்படி வலிக்கும்.

ஒருவர் ஆணா பெண்ணா என்று தடுமாறுகிறீர்களா? ஆங்கிலத்தில் இதற்காக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள், நமக்கு 'அவங்க' இருக்கிறது. "அவங்க வந்தாங்க" என்றால் மரியாதையும் ஆயிற்று, தப்பும் இல்லை. சிக்கல் உறவுமுறையில்தான் வரும், அண்ணாவா அக்காவா என்று. "உங்களை எப்படிக் கூப்பிடணும்?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். தப்பாகக் கூப்பிட்டுவிட்டால் ஒரு முறை திருத்திக்கொண்டு பேச்சைத் தொடருங்கள். பத்து நிமிடம் மன்னிப்புக் கேட்டால், அவர்தான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும்.

ஊர்வல நாள்

டர்பனில் பிரைடு பெரும்பாலும் ஜூன் மாதத்தில் வரும். ஜோகன்னஸ்பர்கில் அக்டோபர், கேப் டவுனில் கோடை முடியும் பிப்ரவரி-மார்ச். இடமும் தேதியும் மாறும், அழைத்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். டர்பன் ஜூன் வெயில் இதமாக இருக்கும், ஆனால் ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அக்டோபர் வெயில் தோலை உரித்துவிடும், மதியத்துக்கு மேல் திடீரென இடி மழையும் வரும். தொப்பி, தண்ணீர், வசதியான செருப்பு. நகை வேண்டாம். திரும்பும் வண்டியை இருட்டும் முன் பேசிவைத்துக்கொள்ளுங்கள். உடை உங்கள் இஷ்டம், வேட்டியில் போனாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அங்கே அதைவிட வேடிக்கையான உடைகள் நிறைய இருக்கும்.

கைபேசி விஷயம்தான் முக்கியம். அதற்கு ஒரு பழைய கதை தெரிய வேண்டும்.

ஆப்பிரிக்காவின் முதல் பிரைடு ஊர்வலம் 1990 அக்டோபர் 13 அன்று ஜோகன்னஸ்பர்கில் நடந்தது. ஏறக்குறைய 800 பேர். முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் சைமன் ங்கோலி. நிறவெறி அரசு டெல்மாஸ் தேசத்துரோக வழக்கில் சிறையில் தள்ளிய போராளிகளில் அவரும் ஒருவர். தான் கே என்பதைச் சிறையில் சக கைதிகளிடமே சொன்னார், முதலில் அவர்களுக்கே அது பெரிய சங்கடமாக இருந்தது. கறுப்பனாகவும் கே ஆகவும் ஒரே உடம்பில் இருக்கும் நான் இரண்டு விடுதலைகளையும் சேர்த்துத்தான் கேட்க முடியும் என்பது அவர் வாதம். மண்டேலா விடுதலையாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது, தன்பாலின உறவு இன்னும் சட்டப்படி குற்றம். ஊர்வலத்துக்கு வர ஆசை, முகம் தெரிந்தால் வேலை போகும், வீடு போகும் என்ற பயம். அப்படிப்பட்டவர்களுக்காக அமைப்பாளர்கள் காகிதப் பைகளை வைத்திருந்தார்கள். கண்ணுக்கு ஓட்டை போட்ட பையைத் தலையில் மாட்டிக்கொண்டு சிலர் நடந்தார்கள்.

இன்று பை இல்லை. அந்தப் பையின் வேலையை நம் விரல் செய்ய வேண்டும். கூட்டத்தைப் பின்னணியாக வைத்து நீங்கள் எடுக்கும் ஒரு செல்ஃபியில், இரண்டு வரிசை தள்ளி, டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து வீட்டுக்குத் தெரியாமல் வந்த யாரோ ஒரு நாயுடு பெண்ணோ கோவிந்தர் பையனோ நிற்கலாம். நீங்கள் ஸ்டேட்டஸ் போட்ட அரை மணியில் அவர்கள் பெரியம்மா பார்ப்பார். டர்பன் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஏதோ ஒரு கல்யாணத்தில் ஒன்றுக்கொன்று உறவாகிவிட்டவை. ஆகவே கொடியை எடுங்கள், வானத்தை எடுங்கள், உங்கள் காலணியை எடுங்கள். முகங்களை எடுக்கும் முன் கேளுங்கள். எடுக்கச் சம்மதித்தவரிடம், "போடலாமா?" என்று தனியாக இன்னொரு முறை கேளுங்கள்.

மற்றவை எளிது. உங்களை அழைத்தவரோடு நடங்கள், முன்வரிசை பேனரைப் பிடிக்க முந்தாதீர்கள். "உங்கள்ல யார் புருஷன், யார் பொண்டாட்டி?" என்ற கேள்வியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஆடத் தெரியாவிட்டாலும் ஆடலாம். யாராவது உங்களையே கே என்று நினைத்துப் பேசினால் பதறி, "நான் இல்லீங்க, நான் சும்மா ஆதரவுக்கு" என்று மறுக்காதீர்கள். பதற்றம் முகத்தில் தெரியும், அதில் ஒரு அவமதிப்பு இருக்கிறது. சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினால் போதும்.

இது முழுக்கத் திருவிழா என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2012இல் ஜோகன்னஸ்பர்க் ஊர்வலத்தின் நடுவே கறுப்பினப் பெண்கள் சிலர் சாலையில் படுத்து மறித்தார்கள். கொலை செய்யப்பட்ட லெஸ்பியன் பெண்களுக்காக ஒரு நிமிட மௌனம் கேட்டார்கள். ஊர்வலத்தினரே அவர்களோடு கைகலந்தார்கள். அந்தக் காயம் இன்னும் பேசப்படுகிறது. இறந்தவர்களின் பெயரை மேடையில் வாசிக்கும்போது உங்கள் கையிலிருக்கும் விசிலைக் கீழே வையுங்கள்.

பத்திரிகையில் இரண்டு பெயர்

ஊர்வலம் வருடத்தில் ஒரு நாள். உங்கள் வீட்டுக் காதுகுத்து, வளைகாப்பு, தீபாவளி எல்லாம் மீதி நாட்களில் வருகின்றன. அங்கேதான் துணை நிற்பது தெரியும். ஜோடியாக வாழ்கிறவர்களுக்குப் பத்திரிகை கொடுத்தால் இரண்டு பெயரையும் எழுதுங்கள். ஒருவரை மட்டும் அழைத்து, "அவங்களையும் வேணா கூட்டிட்டு வாங்க" என்று வாசலில் முனகாதீர்கள். வந்தால் சேர்த்து உட்கார வையுங்கள். குங்குமம் ஒருவருக்குத் தந்தால் மற்றவருக்கும் தாருங்கள். வெளிப்படையாக இல்லாதவர்கள் என்றால் அவர்கள் விரும்புகிறபடி மட்டும் செய்யுங்கள், உங்கள் முற்போக்கைக் காட்ட அவர்களைப் பலி கொடுக்காதீர்கள்.

பந்தியில் ஒரு பெரியவர் நிச்சயம் கேட்பார்: "இதெல்லாம் ஒரு கல்யாணமா?"

இந்த ஊர்த் தமிழர்கள் அந்தக் கேள்வியை ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணம் இந்த நாட்டில் செல்லாது என்று பொருள்படத் தீர்ப்புச் சொன்னார். தாலி கட்டி, அம்மி மிதித்து, பிள்ளை பெற்ற நம் பெண்கள் ஒரே நாளில் மனைவி இல்லை என்று ஆனார்கள். ஒப்பந்தக் கூலி முடிந்த இந்தியர்கள் மீது போட்ட மூன்று பவுண்டு வரியோடு இந்த அவமானமும் சேர்ந்துதான் ஜோகன்னஸ்பர்க் தமிழ்ப் பெண்களைப் போராட்டத்துக்கு இழுத்துவந்தது. அதில் சிறை போன தில்லையாடி வள்ளியம்மைக்குப் பதினாறு வயதுகூட நிரம்பவில்லை. மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22இல் இறந்துபோனார். அவர் பெயரைச் சொல்லி மாலை போடுகிறவர்கள்தான், இன்னொருவர் திருமணத்தைப் பார்த்து "இதெல்லாம் கல்யாணமா" என்கிறார்கள். எனக்கு இது பொறுப்பதில்லை.

ஆனாலும் இந்த வாதத்தை அந்த ஜோடி எதிரில் உட்கார்ந்திருக்கும்போது எடுக்காதீர்கள். சாப்பிட வந்தவர்களை வழக்கின் சாட்சிப் பொருளாக்குவது விருந்தோம்பல் ஆகாது. "பெரியப்பா, ரசம் ஆறுது" என்று சொல்லி அவரைத் திருப்பிவிட்டு, பிறகு வராந்தாவில் தனியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சாமி விஷயம் வந்தால் நம்மவர்கள் உடனே கூவாகத்தையும் அரவானையும் இழுப்பார்கள். அது திருநங்கைகளின் திருவிழா. பெண்ணை நேசிக்கும் பெண்ணுக்கு அது விளக்கம் ஆகாது. குழப்பிவிடாதீர்கள். பாட்டிகளிடம் நான் புராணம் பேசுவதே இல்லை, "அந்தப் பொண்ணு உங்களுக்குப் போன வாரம் மாத்திரை வாங்கிட்டு வந்தா இல்ல?" என்று ஆரம்பிப்பேன். மீதியைப் பாட்டியே பேசிவிடுவார்.

யாராவது சிக்கலில் இருந்தால்

வேலையில் பாகுபாடு என்றால் சிசிஎம்ஏ என்ற தொழில் தகராறு ஆணையத்துக்குப் போகலாம். வாடகை வீடு மறுத்தார்கள், கடையில் அவமானப்படுத்தினார்கள் என்றால் சமத்துவ நீதிமன்றம் இருக்கிறது. தனிக் கட்டடம் தேட வேண்டாம், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை. படிவம் நிரப்பக் கூடப் போய் உட்காருங்கள், பெரிய உதவி அது. மனம் உடைந்தவருக்குப் பேச ஆள் வேண்டுமென்றால் கேப் டவுனில் டிரையாங்கிள் புராஜெக்ட், பிரிட்டோரியாவில் அவுட், டர்பனில் லெஸ்பியன் அண்ட் கே கம்யூனிட்டி அண்ட் ஹெல்த் சென்டர் ஆகியவை பல காலமாக இந்த வேலையைச் செய்கின்றன. வீட்டை விட்டு விரட்டப்பட்டவர் என்றால், அன்று இரவுக்கு ஒரு பாய், ஒரு தலையணை, சார்ஜர். அறிவுரை காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த நர்ஸ் பையன் ஏழு மாதம் கழித்து வந்தான். நான் செய்தது தப்பு என்று சொன்னேன், காரணம் எதுவும் சேர்க்காமல். "சரிக்கா" என்றான், வேறொன்றும் சொல்லவில்லை. இப்போது வருகிறான், போகிறான். ஆனால் இன்றுவரை தன் சொந்த விஷயம் எதையும் என்னிடம் சொன்னதில்லை.

ஜூனில் தம்பி பிரைடுக்குப் போய்வந்தார். எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போனாராம், டீம் லீடரின் மனைவிதான் பாதியைக் காலி செய்தாராம். அடுத்த கேள்வியோடு வந்து நின்றார்: "அக்கா, தீபாவளிக்கு ரெண்டு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கேன். அம்மா ஊர்ல இருந்து வந்திருப்பாங்க. அம்மாகிட்ட என்னன்னு அறிமுகப்படுத்த?"

"அவங்க ரெண்டு பேர்கிட்டயும் முதல்ல கேட்டுக்கோ. சரின்னா, இது என் டீம் லீடர், இது அவங்க வீட்டுக்காரின்னு அம்மாகிட்ட சொல்லு. சொல்லிட்டு அங்கேயே நின்னுட்டு இருக்காதே. உள்ள போய் வடையை எடுத்துட்டு வா."